எண்ணப்படாத விறகு: நாட்டின் ஆற்றல் வரலாற்றை ஊடாடும் காட்சியாக்குதலும் மெர்போக் வட்டாரத் தோட்டங்களும்

முன்னுரை

ஒரு நாட்டின் வரலாற்றை ஆட்சி மாற்றங்களைக் கொண்டு எழுதுவது மரபு. அந்நாட்டு மக்கள் எதை எரித்து உணவு சமைத்தனர், எதைக் கொண்டு இரவில் ஒளி பெற்றனர், எதன் விசையால் ஆலைகளை இயக்கினர் என்னும் வினாக்களைக் கொண்டும் அவ்வரலாற்றை எழுத இயலும். இதனை ஆற்றல் வரலாறு என்பர். இவ்வரலாறு இப்பொழுது கணினித் திரையில் ஊடாடும் தரவுக் காட்சியாகவும் வழங்கப்படுகின்றது. அத்தகைய காட்சியில் பார்ப்பவர் ஆண்டினை மாற்றலாம். நாடு முழுமையிலிருந்து ஒரு மாநிலத்திற்கு இறங்கலாம். ஒரு கோட்டினைத் தொட்டு அதன் சான்று யாதெனக் கேட்கலாம்.

மலேசியாவிற்கு இத்தகைய காட்சியொன்றை அமைப்பது எவ்வாறு என்பதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதற்குக் கெடா மாநிலத்தின் மெர்போக் வட்டாரத்தை உரைகல்லாகக் கொள்கின்றோம். தோட்டப்புறத் தமிழர்கள் பல தலைமுறைகளாகப் பயன்படுத்திய எரிபொருளின் பெரும்பகுதி எந்த அரசுப் பதிவேட்டிலும் முறையாக எண்ணப்படவில்லை. எண்ணப்படாதது காட்சியில் சுழியாகத் தோன்றும். வெற்றிடம் வேறு, சுழி வேறு என்பதை வலியுறுத்துவதே இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

காட்சியின் வடிவம்

ஆற்றல் வரலாற்றைக் காட்டுவதற்குப் பெரிதும் பயன்படுவது ஓட்ட வரைபடம். ஆறு ஒன்று பல கிளைகளாகப் பிரிந்து செல்வதைப் போன்று, இடப்புறம் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, நீர்விசை, விறகு முதலிய மூலங்களும், வலப்புறம் வீடு, தொழிற்சாலை, போக்குவரத்து முதலிய பயன்பாடுகளும் நிற்கும். இடையே ஓடும் பட்டைகளின் அகலம் அளவினைக் குறிக்கும். பிரெஞ்சுப் பொறியாளர் சார்லஸ் மினார் 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியிலேயே பிரித்தானிய நிலக்கரி ஏற்றுமதியை இவ்வாறு பட்டைகளாக உலகப் படத்தின்மீது வரைந்தார். 1898இல் கேப்டன் மேத்யூ சாங்கி, நீராவிப் பொறியில் வெப்பம் எங்கெங்கு வீணாகின்றது என்பதை இம்முறையில் வரைந்து காட்டினார். அவர் பெயராலேயே இவ்வரைபடம் சாங்கி வரைபடம் எனப்படுகின்றது.

அண்மைக் காலத்திற்குரிய சான்றாக, 1800 முதல் 2019 வரையிலான அமெரிக்க ஆற்றல் மாற்றங்களைச் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் ஊடாடும் ஓட்ட வரைபடமாக வெளியிட்டதனைக் குறிப்பிடலாம். அதில் 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் விறகே அகன்ற பட்டையாக நிற்கின்றது. இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் 1560 முதல் 2000 வரையிலான ஆற்றல் நுகர்வை ஆராய்ந்த பால் வார்டு ஒருபடி மேலே சென்றார். விறகோடு, உழைப்பவர் உண்ட உணவையும் உழவு விலங்குகள் தின்ற தீவனத்தையும் அவர் ஆற்றலாகக் கணக்கிட்டார். விலைக்கு வாங்கப்பட்டதும் அளவியில் பதிவானதும் மட்டுமே ஆற்றல் அன்று என்பதே இவ்விரு முயற்சிகளும் உணர்த்தும் பாடம்.

எண்ணிக்கைக்குள் வந்த வரலாறு

மலேசிய ஆற்றல் வரலாற்றில் எளிதில் காட்சியாக்கத்தக்க பகுதி ஒன்றுண்டு. 1894இல் ரவாங்கில் லோக் இயூவும் கே. தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்திற்கு மின்னாக்கி பொருத்தினர். இந்நாட்டு மின்சார வரலாறு இங்கிருந்தே தொடங்குவதாகக் கூறுவர். அத்தொடக்கத்தில் தமிழர் ஒருவரின் பெயர் இடம்பெறுவது நாம் அறியத்தக்கது. 1900இல் ரவுப் தங்கச் சுரங்கத்திற்காகச் செம்பம் ஆற்றில் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1915இல் பத்து ஆராங்கில் நிலக்கரி அகழ்வு தொடங்கி 1960 வரை நடைபெற்றது. 1930இல் பேராக் ஆற்றில் செண்டரோ நீர்மின் நிலையம் எழுந்தது. கெடா நகரங்கள் சிலவற்றிற்கு ஹுட்டன்பாக் என்னும் தனியார் நிறுவனம் மின்சாரம் வழங்கியது.

1949 செப்டம்பர் முதல் நாள் மத்திய மின்சார வாரியம் தோன்றியது. அது 1965இல் தேசிய மின்சார வாரியம் எனப் பெயர் மாற்றம் பெற்று, 1990இல் தெனாகா நேஷனல் நிறுவனமாயிற்று. 1974இல் பெட்ரோனாஸ் நிறுவப்பட்டது. 1980ஆம் ஆண்டளவில் மின் உற்பத்தி பெரும்பாலும் எண்ணெயையே சார்ந்திருந்தது. உலக எண்ணெய் நெருக்கடிகளுக்குப் பின், 1981இல் எண்ணெய், எரிவாயு, நீர்விசை, நிலக்கரி ஆகிய நான்கு எரிபொருள் கொள்கை வகுக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டளவில் எரிவாயு முதலிடம் பெற்றது. அதன் பின்னர் இறக்குமதி நிலக்கரியின் பங்கு வளர்ந்தது. 2023இல் தேசிய ஆற்றல் மாற்ற வழித்திட்டம் வெளியிடப்பட்டது.

எரிசக்தி ஆணையம் வெளியிடும் தேசிய ஆற்றல் சமநிலை அறிக்கைகளும் அதன் தரவு மையமும் அண்மைப் பத்தாண்டுகளுக்குரிய எண்களைத் தருகின்றன. அவ்வெண்களைக் கொண்டு ஓட்ட வரைபடம் அமைப்பது கடினமன்று. ஆயின் இவ்வறிக்கைகள் நெடுங்காலம் வணிக எரிபொருள்களையே கணக்கில் கொண்டன. அடுப்பில் எரிந்த விறகு அவற்றின் முதன்மைப் பட்டியலில் இல்லை.

எல்லை மாறிய நாடு

பின்னோக்கிச் செல்லச் செல்ல மற்றொரு சிக்கல் எழுகின்றது. 'நாடு' என்பதன் எல்லையே மாறிவந்துள்ளது. 1909ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின் கெடா பிரித்தானியச் செல்வாக்கின்கீழ் வந்தபோதும் கூட்டு மலாய் மாநிலங்களில் அது சேரவில்லை. ஆகவே நீரிணைக் குடியேற்றங்கள், கூட்டு மலாய் மாநிலங்கள், கூட்டில் சேராத மாநிலங்கள் என மூவகைப் பதிவுகளை நாம் இணைத்துப் பார்க்க வேண்டியுள்ளது. 1943இல் சப்பானியர் கெடாவைத் தாய்லாந்திடம் ஒப்படைத்தனர். 1948இல் மலாயாக் கூட்டரசும் 1963இல் மலேசியாவும் உருவாயின. 1965இல் சிங்கப்பூர் பிரிந்தது.

இம்மாற்றங்களைக் கருதாமல் ஒரே கோடாக வரைந்தால், 1963இல் நாட்டின் ஆற்றல் திடீரெனப் பெருகியதாகவும் 1965இல் குறைந்ததாகவும் தோன்றும். அது மக்களின் வாழ்வில் நேர்ந்த மாற்றமன்று. எல்லைக் கோட்டில் நேர்ந்த மாற்றம். ஆதலால் ஆண்டினை நகர்த்தும்போது நிலப்படமும் உடன் மாறுமாறு காட்சியை அமைத்தல் வேண்டும்.

சப்பானியர் ஆட்சிக் காலம் தனிக் கவனத்திற்குரியது. இறக்குமதி நின்றமையால் மண்ணெண்ணெய் அரிதாயிற்று. தேங்காய் எண்ணெய் விளக்கிற்குச் சென்றது. ரப்பரைக் காய்ச்சி வடித்து எரிநெய் எடுத்தனர். இறக்குமதிப் பட்டியலை மட்டும் நம்பினால் அவ்வாண்டுகள் இருண்டு கிடக்கும். விளக்குகளோ முற்றிலும் அணைந்துவிடவில்லை.

மெர்போக்: எண்ணிக்கைக்கு வெளியே நின்ற வட்டாரம்

மெர்போக் ஒரு சிற்றூர். வடக்கே ஜெராய் மலை. தெற்கே கண்டல் மரங்கள் அடர்ந்த மெர்போக் ஆற்றுக் கழிமுகம். கிழக்கே செமெலிங், பீடோங், சுங்கை பட்டாணி ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்கள். பூஜாங் பள்ளத்தாக்கின் தொல்பொருள் அருங்காட்சியகம் இவ்வூரின் புக்கிட் பத்து பகாட்டில் அமைந்துள்ளது. கடாரம் பற்றிக் கற்கும் நம் மாணவர்க்கு அது அறிமுகமான இடமே. அப்பள்ளத்தாக்கின் சுங்கை பத்துவில் 2009 முதல் நடைபெற்ற அகழாய்வுகள் பழங்கால இரும்புருக்கு உலைகளின் எச்சங்களை வெளிப்படுத்தின. உலைக்குக் காற்றூதப் பயன்பட்ட மண்குழாய்கள் அங்குப் பெருந்தொகையாகக் கிடைத்தன. இரும்புருக்கத் தாது மட்டும் போதாது, மரக்கரியும் வேண்டும். எனவே இவ்வட்டாரத்தின் ஆற்றல் வரலாறு மின்கம்பம் நடப்பட்ட நாளில் தொடங்கவில்லை.

20ஆம் நூற்றாண்டில் இங்குப் பரவிய ரப்பர்த் தோட்டங்களில் ஆற்றல் பல வடிவங்களில் ஓடியது. லயத்து வீடுகளில் விறகடுப்பு எரிந்தது. மண்ணெண்ணெய்ச் சிமிலி விளக்கு ஒளி தந்தது. விடியுமுன் பால்வெட்டச் சென்றவர்கள் நெற்றி விளக்கின் துணையை நாடினர். ரப்பர்த் தகடுகளை உலர்த்தும் புகைக்கூடங்களில் பல நாள் விடாது விறகெரிந்தது. இவை அனைத்திற்கும் எரிபொருள் பெரும்பாலும் தோட்டத்திலேயே கிடைத்தது. காய்ந்த கிளைகளும் மறுநடவுக்காக வீழ்த்தப்பட்ட முதிய பால்மரங்களும் விறகாயின.

இவ்விறகு சில சமயம் எண்ணிக்கைக்குள் நுழைந்ததும் உண்டு. மெர்போக்கிற்குத் தெற்கே பிறையில் மலாயவாட்டா எஃகு ஆலையின் ஊதுலை 1967இல் இயங்கத் தொடங்கியது. அவ்வுலை ரப்பர் மரக்கரியை எரிபொருளாகக் கொண்டிருந்தமை அதன் சிறப்பாகும். ஆக, ஒரே வகை மரம் கரியாகி ஆலைக்குச் சென்றால் தொழில்துறைப் பொருளாக எண்ணப்பட்டது. லயத்து அடுப்பிற்குச் சென்றால் எண்ணப்படவில்லை. விறகை எரித்தவர் யார் என்பதே அது பதிவேட்டில் இடம்பெறுவதைத் தீர்மானித்தது.

மின்சாரமும் இத்தகைய மயக்கத்திற்கு உட்பட்டதே. பல தோட்டங்களில் பொது மின்கம்பி வருவதற்கு முன் நிர்வாகத்தின் மின்னாக்கி மாலையில் சில மணிநேரம் மட்டும் இயங்கியது. 'மின்விளக்கு உண்டா?' என்னும் கணக்கெடுப்பு வினாவிற்கு 'ஆம்' என்பதே விடையாகும். நாள் முழுதும் மின்சாரம் பெற்ற நகர வீடும், இரவு ஒன்பது அல்லது பத்து மணிக்கு விளக்கணைந்த லயத்து வீடும் அவ்விடையால் ஒன்றாகிவிடுகின்றன. தொழிலாளர் குடியிருப்புகளுக்குப் போதிய குழாய்நீரும் மின்சாரமும் அளிப்பதை முதலாளியின் கடமையாக 1990ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. ரவாங்கில் மின்னாக்கி இயங்கியதற்கும் இச்சட்டத்திற்கும் இடைப்பட்ட காலம் 96 ஆண்டுகள். இவ்விடைவெளியைத் தேசியச் சராசரி எதுவும் காட்டாது.

அலகுகளும் கணக்கும்

வெவ்வேறு எரிபொருள்களை ஒரே வரைபடத்தில் நிறுத்துவதற்குப் பொது அலகு தேவை. பழைய ஆவணங்களில் எடை பிக்குலிலும், மண்ணெண்ணெய் தகரத்திலும், விறகு கட்டிலும் வண்டியிலும் குறிக்கப்பட்டிருக்கும். ஒரு பிக்குல் ஏறத்தாழ 60.5 கிலோகிராம். காற்றில் உலர்ந்த விறகு ஒரு கிலோவிற்கு ஏறத்தாழ 15 மெகாஜூல் வெப்பம் தரும். மண்ணெண்ணெய் ஏறத்தாழ 43. ஒரு கிலோவாட் மணி மின்சாரம் 3.6 மெகாஜூல். மூல அளவையும் மாற்றிய அளவையும் தனித்தனிப் பத்திகளில் வைத்தல் இன்றியமையாதது. மாற்று விகிதம் பின்னர்த் திருத்தப்படலாம். மூலப் பதிவோ அவ்வாறே நிலைத்திருத்தல் வேண்டும்.

கணக்கிடும் முறையும் வரைபடத்தை மாற்றும். செண்டரோவின் நீர்மின்சாரத்தை நேரடியாகக் கணக்கிட்டால் ஒரு கிலோவாட் மணிக்கு 3.6 மெகாஜூல். அதே மின்சாரத்தை அனல் நிலையத்தில் பெற எவ்வளவு எரிபொருள் வேண்டும் எனக் கணக்கிட்டால், மூன்றில் ஒரு பங்கு திறன் எனக் கொள்ளின், 10.8 மெகாஜூல். நீர்விசைப் பட்டை மும்மடங்கு அகன்றுவிடும். இரண்டு முறைகளும் வழக்கில் உள்ளவை. எதனைக் கையாண்டோம் என்று கூறுவதோடு, இரண்டையும் மாற்றிப் பார்க்கும் வசதியைப் பார்ப்பவர்க்கு அளிப்பது நேர்மையான வழியாகும்.

இனி, ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கினைக் காண்போம். இது அளந்து கண்ட தரவன்று, விளக்கத்திற்காகக் கொண்டது. ஒரு குடும்பம் நாளொன்றுக்கு 5 கிலோ விறகு எரித்ததாகக் கொண்டால் 75 மெகாஜூல் ஆகும். அதே வீட்டில் 40 வாட் விளக்கொன்று நான்கு மணிநேரம் எரிந்தால் 0.16 கிலோவாட் மணி, அதாவது ஏறத்தாழ 0.58 மெகாஜூல். அடுப்பின் ஆற்றல் விளக்கின் ஆற்றலைப்போல் ஏறத்தாழ 130 மடங்கு. மின்சாரத்தை மட்டும் எண்ணும் வரைபடம் அவ்வீட்டின் ஆற்றலில் நூற்றில் ஒரு பங்கைக்கூடக் காட்டாது.

இக்கணக்கை மேலும் தொடர்வோம். திறந்த விறகடுப்பின் திறன் 12 விழுக்காடு எனக் கொண்டால், 75 மெகாஜூலில் பாத்திரத்தைச் சேர்வது 9 மெகாஜூல் மட்டுமே. 55 விழுக்காடு திறனுடைய எரிவாயு அடுப்பு அதே பயனை 16.4 மெகாஜூலில் தந்துவிடும். 14 கிலோ உருளை ஒன்று ஏறத்தாழ 39 நாள் வரும். விறகடுப்பிலிருந்து எரிவாயுவிற்கு மாறிய ஆண்டில் அவ்வீட்டின் பட்டை நான்கில் ஒரு பங்கிற்கும் கீழாகக் குறுகும். பார்ப்பவர் அதனை வறுமை என எண்ணக்கூடும். உண்மையில் புகை நீங்கிற்று. விறகு சுமந்த பெண்களின் நேரம் மீண்டது. ஆகவே உள்ளிட்ட ஆற்றல், பயனாகிய ஆற்றல், எரிபொருள் திரட்டச் செலவான நேரம் ஆகிய மூன்றையும் தனித்தனி அடுக்குகளாகக் காட்டுதல் நலம்.

சுழியும் வெற்றிடமும்

தரவு அட்டவணையில் ஒரு கட்டம் மூன்று நிலைகளில் இருக்கலாம். அளவு அறியப்பட்டது, அளவு மதிப்பிடப்பட்டது, அளவு கிடைக்கவில்லை. 'சுழி' என்பது முதல் நிலையைச் சார்ந்தது. அங்கு அப்பொருள் இல்லை என்பது சான்றால் தெளிந்த பின்னரே அதனை எழுதலாம். பல கணினி நிரல்கள் வெற்றுக் கட்டத்தைச் சுழியாகவே கொண்டு வரைந்துவிடும். வரைபவர் கவனியாதபோது, பதிவின்மை இல்லாமையாகிவிடுகின்றது.

இதனைத் தவிர்க்க மூன்று நிலைகளுக்கும் மூன்று தோற்றங்கள் வேண்டும். அறியப்பட்ட அளவு நிறைந்த நிறத்திலும், மதிப்பீடு கோடிட்ட நிழலிலும் அமைதல் தகும். மதிப்பீட்டின் கீழ் எல்லையும் மேல் எல்லையும் தெரிய வேண்டும். பதிவில்லாத பகுதியைச் சாம்பல் நிறத்தில் விட்டு, 'சான்று தேடப்படுகின்றது' என்ற குறிப்பை இணைக்கலாம். மெர்போக் வட்டாரத் தோட்டமொன்றை 1935ஆம் ஆண்டில் தொட்டுப் பார்க்கும் மாணவர் அச்சாம்பல் நிறத்தைக் காண்பார். அங்கு எதுவும் எரியவில்லை என்று எண்ணாது, எரிந்ததை எவரும் எழுதிவைக்கவில்லை என்பதை உணர்வார்.

ஒவ்வொரு பதிவிற்கும் ஆண்டு, இடம், எரிபொருள், பயன்பாடு, மூல அளவு, மாற்றிய அளவு, சான்று, நம்பகத்தன்மை ஆகிய எட்டுப் பத்திகள் போதும். மின்சாரத்திற்கு மட்டும் 'நாளொன்றுக்கு எத்தனை மணிநேரம்' என்னும் ஒன்பதாம் பத்தியைச் சேர்க்கலாம். சாதாரண அட்டவணைச் செயலியில் இதனைத் தொடங்கலாம். பின்னர் டி3 போன்ற கட்டற்ற நிரல் தொகுப்புகளைக் கொண்டு ஓட்ட வரைபடம் வரையலாம். ஒருங்குறியில் தமிழ் எழுத்துகளை இட்டால் மலாய், ஆங்கிலப் பெயர்களோடு தமிழ்ப் பெயர்களும் ஒரே காட்சியில் இடம்பெறும்.

தமிழாசிரியர் ஆற்றத்தக்க பணி

வெற்றிடத்தை நிரப்பும் சான்றுகள் எங்குள்ளன? தோட்ட நிர்வாகங்களின் கணக்கேடுகள் சில ஆவணக் காப்பகங்களில் இருத்தல் கூடும். ஆயின் 1950களிலும் 1960களிலும் நிகழ்ந்த தோட்டத் துண்டாடலின்போதும், பின்னர்ச் செம்பனைக்கும் வீடமைப்பிற்கும் நிலம் மாறியபோதும் பல ஏடுகள் சிதறின. எஞ்சியுள்ள பெருஞ்சான்று, அங்கு வாழ்ந்தோரின் நினைவு. அந்நினைவு தமிழில் உள்ளது. ஆதலின் இப்பணியில் தமிழாசிரியரின் பங்கு மொழிபெயர்ப்பாளரின் பங்கன்று. முதன்மை ஆய்வாளரின் பங்காகும்.

முதியோரிடம் கேட்கத்தக்க வினாக்கள் எளியவை. விறகு எங்கிருந்து வந்தது? சுமந்தவர் யார்? வாரத்திற்கு எத்தனை கட்டு? மண்ணெண்ணெய் எந்த அளவில் வாங்கப்பட்டது? மின்சாரம் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்கு நின்றது? எரிவாயு அடுப்பு வீட்டிற்குள் வந்த ஆண்டு எது? ஆண்டு நினைவில்லாதவரிடம் பிள்ளை பிறந்த காலத்தையோ, பொதுத்தேர்தலையோ, தோட்டம் கைமாறிய காலத்தையோ கேட்டு அணுகலாம். ஒருவர் கூற்றை மற்றொருவர் கூற்றோடும், கிடைக்கும் ஏட்டுப் பதிவோடும் ஒப்பிட்ட பின்னரே எல்லைகளோடு கூடிய மதிப்பீடாக அதனை எழுதுதல் வேண்டும். கூறியவரின் ஒப்புதலைப் பெறுவதும், விரும்பாதவர் பெயரை மறைப்பதும் கட்டாயம்.

இதனால் மொழிக்கும் பயனுண்டு. சிமிலி விளக்கு, அரிக்கேன் விளக்கு, புகைக்கூடம், லயம் முதலிய சொற்கள் வழக்கிலிருந்து மறைந்து வருகின்றன. பதிவொன்றில் அச்சொல்லும் அது குறித்த பொருளும் அளவும் ஆண்டும் ஒருங்கே சேரும்பொழுது, தோட்டப்புறத் தமிழுக்குக் காலம் குறித்த சொல்லடைவொன்று உருவாகும். கணிதம், அறிவியல், வரலாறு, தமிழ் ஆகிய பாடங்கள் ஒரே பயிற்சியில் சந்திக்கும் வாய்ப்பும் மாணவர்க்குக் கிட்டும்.

முடிவுரை

ஊடாடும் தரவுக் காட்சி நடுநிலையான கண்ணாடியன்று. எதனை எண்ணுவது, எந்த அலகில் எண்ணுவது, எண்ணப்படாததை எவ்வாறு காட்டுவது என்னும் முடிவுகள் யாவும் அதனுள் அடங்கியுள்ளன. அளவி பொருத்தப்பட்ட பின்னர்த் தொடங்கும் ஆற்றல் வரலாறு ரவாங்கையும் செண்டரோவையும் தெளிவாகக் காட்டும். லயத்து அடுப்பைக் காட்டாது. மெர்போக் வட்டாரத்தை உரைகல்லாகக் கொண்டு நாம் கண்ட குறைகளும் அவற்றிற்குரிய வழிகளும் நாட்டின் ஏனைய தோட்டப் பகுதிகளுக்கும் பொருந்துவனவே.

தோட்டங்களில் விறகடுப்போடு வாழ்ந்த தலைமுறை முதுமை எய்தியுள்ளது. சாம்பல் நிறக் கட்டங்களைக் கோடிட்ட நிழலாகவேனும் மாற்றும் வாய்ப்பு அவர்களோடு உரையாடக்கூடிய இக்காலத்திற்கே உரியது. ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் தன் சுற்றுப்புறத் தோட்டம் ஒன்றைத் தெரிந்துகொண்டு, மேற்கூறிய பத்திகளோடு ஓர் அட்டவணையைத் தொடங்குமாயின், தேசியக் காட்சியில் சேர்க்கத்தக்க முதல் பதிவுகள் நமக்குக் கிடைக்கும்.